ஒற்று மிகும் இடம்

முதல் மூன்று பாகங்களிலும் அவனுக்கு
ஊதத் தெரிந்தால் போதும்.
கோட்டைச் சுவரில் எண்ணெய் விளக்கு. ஊது.
காவலன் தலையைச் சொறிவான்,
'காத்துதான்' என்பான்,
திரும்பி நடப்பான்.
அந்த முதுகுக்குப் பின்னால்
பதினொரு லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு
தவழ்ந்திருக்கிறார்கள்.

நாலாம் பாகம் இந்தக் காலத்தில் நடக்கட்டும்
என்று பணம் போடுகிறவர் சொல்லிவிட்டார்.
வாளைப் பிடுங்கிவிட்டு ஒரு போன் கொடுங்கள்,
மற்றதெல்லாம் அப்படியே, என்றார்,
ஏதோ வேட்டி மாற்றுவது போல.

மார்த்தாண்டம் மேம்பாலம் கண்மட்டத்தில் ஓடுகிற
எங்கள் ஜன்னலோரம்
அஜின் முதல் கட்டத்தைக் கட்டினான்.
கம்பத்தில் எல்.இ.டி.
ஒற்றன் அடியில் நின்று ஊதினான்.
ஊதினான்.
கன்னம் உப்பி உப்பி வற்றியதைப் பார்த்து
ஷைனி சிரித்த சிரிப்பில்
கீபோர்டெல்லாம் தேநீர்.

கேமராவுக்குக் கொட்டாவி வராது.
கல்லெறிந்தால் அது திரும்பாது.
கூரைக்குத் தாவினால் அங்கே சோலார் தட்டு.
கிணற்றுக்குள் இறங்கினாலும்
அவன் பாக்கெட்டிலிருந்தே
அவனைக் காட்டிக்கொடுக்கும் ஒரு நீலப் புள்ளி.
நிழலை எங்கே வைக்க?

'நேர்ல போயி இருட்ட அளந்துட்டு வருவோம்'
என்றான் அஜின்.

களியக்காவிளை. இரவு பதினொன்றே கால்.
மீன் சந்தையின் ஐஸ் தண்ணீர்
சாலையைக் கடந்து
அடுத்த மாநிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம் நிமிர்ந்து நின்ற எழுத்துகள்
பத்தடி தள்ளிச் சுருண்டு படுத்திருந்தன.
பூட்டிய டயர் கடையோரம்
நாலடிக்கு ஆறடி இருட்டு கிடைத்தது.
அதில் குந்தி,
எத்தனை நொடிக்கு ஒரு வண்டி,
காவலர் கழுத்து எத்தனை பாகை திரும்புகிறது
என்று குறித்துக்கொண்டிருந்தோம்.
நான்கே நிமிடம்.
டார்ச் நேராக முகத்தில்.
'ஆருடே அது?'
'கேம் பண்றோம் சார்' என்றேன்.
அதைவிட மோசமான பதில்
அந்த ராத்திரியில் இல்லை.

எங்கள் ஆதார் அட்டைகளை
அவர் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கையில்
வெளிச்சத்தின் நட்டநடுவில்
ஒரு பழைய ஸ்கூட்டி வந்து நின்றது.
பின்னால் மீன் சருவம், காலடியில் ஒரு சாக்கு,
நைட்டிமேல் போட்ட துவர்த்து.
'சாரே, எருநூறுக்குச் சில்லறை உண்டுமா?'
அவர் எங்கள் அட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு
பாக்கெட்டைத் துழாவினார்.
எண்ணிக் கொடுத்ததில் பத்து குறைந்தது.
'நாளைக்குத் தந்தா மதி'
என்று அவளே பெரிய மனது பண்ணிவிட்டு
எல்லையைத் தாண்டினாள்.
சாக்கு நின்ற இடத்தில்
நாலைந்து அரிசி மணி.
ரேஷன் அரிசிக்கென்று ஒரு மணம் உண்டு,
சாளையாலும் மூட முடியாதது.

ஒற்று என்றால் வேவு.
தலையில் புள்ளி வைத்த எழுத்தும் ஒற்றுதான்.
அரிசி தனியாக வருகிறது.
கடை தனியாக வருகிறது.
இரண்டும் தொட்டதும் நடுவில் ஒரு க்.
எங்கே ஏறியது என்று
யாரும் கேட்பதில்லை.
இல்லாவிட்டால்தான் கண்ணை உறுத்தும்.

விடிவதற்குள் 'பதுங்கு' பொத்தானைக் கழற்றினோம்.
'ஊது' பொத்தானைக் கழற்றும்போது
அஜின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.
அந்த இடத்தில் இப்போது 'சில்லறை கேள்'.
பணம் போடுகிறவர்
இரண்டு நாளாய் அழைப்பை எடுக்கவில்லை.

ஆடிப் பார்க்க வந்த ரிஜோ
பழக்கதோஷத்தில் சந்து சந்தாய் ஒதுங்கி
பதினேழு முறை பிடிபட்டான்.
பிறகு வெறுத்துப்போய்
சாலை நடுவே சும்மா நடந்தான்.
கடந்துவிட்டான்.
பிழைப் பட்டியலில் முதலாவதாக அதைத்தான் எழுதினான்:
காவலருக்குக் கண் தெரியவில்லை, சரிசெய்யவும்.

சனிக்கிழமை சந்தையில்
சாளை வாங்கக் குனிந்தேன்.
சருவத்துக்கு மேலிருந்து குரல்:
'டயர் கடைகிட்ட ஒளிஞ்சு இருந்தது நீங்கதானே?'
நான் தலையாட்டுவதற்குள்
மீதியில் பத்து ரூபாயைப்
பிடித்துக்கொண்டாள்.